பருத்திப்பால்: கசக்காமல், திரியாமல் வீட்டில் காய்ச்சுவது எப்படி?

மதுரையை விட்டு வெளியூரில் குடியிருக்கும் ஒருவரின் கேள்வி இது: "மாட்டுத் தீவனக் கடையில் பருத்திக்கொட்டை வாங்கிப் பால் எடுத்துக் காய்ச்சினேன். முதல் தடவை கசந்தது. அடுத்த தடவை வெல்லம் போட்டதும் திரிந்துவிட்டது. எங்கே தப்பு? பருத்திக்கொட்டையில் நஞ்சு இருக்கிறது என்கிறார்களே, குடிக்கலாமா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடலாம். கசப்பு வந்தது கொட்டையாலும் அரைத்த விதத்தாலும். திரிந்தது, பால் வேகும் முன்னே வெல்லம் விழுந்ததால். நஞ்சு என்பதும் பொய்யில்லை. நன்றாக வேகவைத்தால் குறையும், அடியோடு போகாது. அதனால் எப்போதாவது குடிக்கலாம், தினமும் வேண்டாம்.

காரியத்தில் பாதி, கொட்டை வாங்குவதிலேயே முடிந்துவிடும். விதைக் கடையில் பாக்கெட்டில் வரும் பருத்தி விதையைத் தொடவே கூடாது. அது விதைப்புக்கானது, பூச்சிமருந்தும் பூஞ்சைக்கொல்லியும் பூசி, அடையாளத்துக்குச் சிவப்போ நீலமோ பச்சையோ சாயம் ஏற்றியிருப்பார்கள். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அது சாப்பாட்டுப் பொருள் ஆகாது. பஞ்சே இல்லாமல் வழவழவென்று கறுப்பாக இருக்கும் கொட்டையைப் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். சில ரகங்களின் கொட்டை இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும்; ஆனால் விதைப்புக்காக அமிலத்தில் பஞ்சு நீக்கிய கொட்டையும் அதே தோற்றம்தான். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

தீவனக் கடைக் கொட்டையில் வேறு சிக்கல். மாடு தின்னப் போவதுதானே என்று ஈரமான தரையில் மூட்டையை அடுக்கிவைப்பார்கள். பருத்திக்கொட்டை எளிதில் பூசணம் பிடிக்கக்கூடியது. அந்தப் பூசணத்தால் வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. எனவே சமையலுக்கென்று சலித்து விற்கும் நாட்டு மருந்துக் கடையில் கேட்பதே நல்லது. வாங்கும்போது ஐந்தாறு கொட்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு இளமஞ்சள் கலந்த வெள்ளையாக, அதில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளைக் கண்டு பயந்து ஒதுக்க வேண்டாம், அநேகமாக எல்லாப் பருத்திக்கும் உண்டு. பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறேன். பருப்பு பழுப்பேறியிருந்தால், காறிய எண்ணெய் வாடை வந்தால், கொட்டை பழசு. என்ன பக்குவம் பார்த்தாலும் கசக்கும். முதல் தடவை கசந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

நாட்டுப் பருத்தியா, மரபணு மாற்றிய பி.டி. பருத்தியா என்றும் பலர் கேட்பார்கள். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு அதுதான். கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக் கருங்கண்ணி என்ற நாட்டு ரகம் கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் பால் வராது என்பதில்லை. ரகத்தைவிடக் கொட்டை புதுசா, உலர்ந்ததா என்பதே முக்கியம்.

சிறிய தம்ளரில் ஆறு பேருக்கு அளவு:

பருத்திக்கொட்டை 200 கிராம்
பச்சரிசி 2 மேசைக்கரண்டி (சுமார் 30 கிராம்)
கருப்பட்டி அல்லது மண்டைவெல்லம் 180 முதல் 200 கிராம்
சுக்குத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி
ஏலக்காய் 5
சித்தரத்தைத் தூள் அரைத் தேக்கரண்டி
திப்பிலி 3, விரும்பினால்
தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

கொட்டையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும்; எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஊறப்போடும் முன் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு இரண்டு கையாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டையில் ஒட்டிய பஞ்சுக்குள் மண்ணும் செத்தையும் சிக்கியிருக்கும். முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். தெளியும் வரை நாலைந்து முறை மாற்றுங்கள். பஞ்சோடு இருக்கும் கொட்டை முதலில் எல்லாமே மிதக்கும், அதைப் பார்த்துச் சொத்தை என்று எறிந்துவிடாதீர்கள். காலையில் ஊறிய பிறகும் மேலே நிற்பவைதான் பொக்கு. அவற்றை எடுத்துவிட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள். அந்த ஊறல் தண்ணீரில் தோலின் துவர்ப்பும் கறையும் இறங்கியிருக்கும். சத்து போகிறதே என்று அதையே அரைக்கப் பயன்படுத்தினால் பால் சாம்பல் நிறமாகும், நாக்கில் பிடிக்கும். பச்சரிசியைத் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

அரைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கொட்டையின் கருந்தோல் உடைந்து பருப்பு நசுங்க வேண்டும், தோல் மாவாகக் கூடாது. தோல் நைந்தால் கறுப்புத் தூள் துணியையும் தாண்டி வரும். துவர்ப்பும் கசப்பும் அதோடு வரும். ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ இது தானாகவே சரியாக நடக்கும், ஏனென்றால் கல் நசுக்குகிறது, வெட்டுவதில்லை. மிக்ஸி என்றால் பிளேடு வெட்டும். அதனால் கொட்டையை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் தண்ணீரோடு போட்டு, நாலைந்து வினாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை இப்படி விட்டுவிட்டு ஓட்டினால் போதும். ஜார் சூடாகக் கூடாது. நிமிடக் கணக்கில் ஓட்டினால் தோல் பொடியாகும், பஞ்சு திரண்டு பிளேடில் சுற்றிக்கொள்ளும், சின்ன மிக்ஸியாக இருந்தால் மோட்டாரும் போகும்.

முதல் அரைப்புக்கு 400 மில்லி தண்ணீர். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து பாத்திரத்தின் மேல் விரித்து, அரைத்ததை ஊற்றி, மூட்டை கட்டிப் பிழியுங்கள். கம்பி வடிகட்டி மட்டும் போதாது, பஞ்சும் தோல் துகளும் தப்பிவிடும். சக்கையை மீண்டும் ஜாரில் போட்டு 300 மில்லி விட்டு இரண்டு சுற்று ஓட்டிப் பிழியுங்கள். பிறகு இன்னொரு 300 மில்லி. மூன்றாம் பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் பழக்கத்தில் நாலாவது முறையும் பிழியத் தோன்றும். இங்கே அதில் வருவது துவர்ப்புத் தண்ணீர்தான். மூன்றையும் ஒன்றாக ஊற்றி இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தால் அடியில் மெல்லிய மண்ணும் கறுப்புத் தூளும் படியும். மேலே இருப்பதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கடைசி இரண்டு விரற்கடை வண்டலைக் கொட்டிவிடுங்கள். கிடைக்கும் பால், பசும்பால் போல வெளேரென்று இருக்காது. லேசாகச் சாம்பல் ஓடிய சந்தன நிறம். அதுவே சரியான நிறம்.

இந்தப் பச்சைப் பாலை எடுத்த கையோடு அடுப்பேற்ற வேண்டும். காலையில் பிழிந்து சாயங்காலம் காய்ச்சலாம் என்று வெயில் காலத்தில் மேடையில் வைத்தால் புளித்துவிடும். புளிப்பு ஏறிய பால் சூடு பட்டதும் திரியும், பிறகு வெல்லத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தள்ளிப்போட வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான்.

ஊறிய அரிசியை 150 மில்லி தண்ணீரில் வெண்ணெயாக அரைத்து, இன்னும் சூடேறாத பருத்திப்பாலிலேயே கலந்துவிடுங்கள். கொதிக்கும் பாலில் அரிசி மாவை ஊற்றினால் விழுந்த இடத்திலேயே வெந்து கட்டி தட்டும். குளிர்ந்த நிலையில் கலப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பருத்திப்பாலில் புரதம் நிறைய. சூடு ஏறும்போது அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளப் பார்க்கும். அதே நேரத்தில் அரிசி மாவு வெந்து கொழகொழப்பானால், புரதத் துகள்கள் ஒன்றுசேர விடாமல் இடையில் நிற்கும். அரிசி போடாமல் 'சுத்தமான' பருத்திப்பால் காய்ச்ச நினைப்பவர்களுக்குத் திரிவது அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். அரிசி வெறும் கெட்டிப்படுத்தும் சரக்கு அல்ல.

அடிகனமான பாத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் மாவு அடிப்பிடிக்கும், தீய்ந்த வாடை பால் முழுக்க ஏறும், அதை எந்த ஏலக்காயாலும் மறைக்க முடியாது. நடுத்தரத் தீயில் வைத்து, தட்டையான மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். கொதிவரும் சமயத்தில் நுரை கட்டிப் பொங்கும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் பால் இருக்கக் கூடாது. பொங்கியதும் தீயைக் குறைத்து, சின்னக் கொதியில் இருபது நிமிடம் வேகட்டும். பலர் கெட்டியானதும் வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். கெட்டியாவது அரிசி வெந்ததற்கு அடையாளம், ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். பருத்தி வெந்ததை மூக்குதான் சொல்லும். முதலில் அவரைக்காய் உரித்தாற்போன்ற பச்சை வாடை அடிக்கும். அது மாறி, வேகவைத்த கடலை மணம் வந்த பிறகுதான் பக்குவம். கரண்டியைத் தூக்கினால் பின்புறம் மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். அதைவிடக் கெட்டியானால் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். நேரம் மிச்சம் என்று குக்கரில் வைக்க வேண்டாம். பொங்கி வெயிட் குழாயை அடைக்கும், அடியும் பிடிக்கும்.

இப்போது இனிப்பு. கருப்பட்டியை உடைத்து 150 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். அதில் மணல், ஓலைத் தும்பு எல்லாம் இருக்கும், நேரே பாலில் போடக் கூடாது. பால் முழுதாக வெந்து, பச்சை வாடை போன பிறகு, தீயை மிகக் குறைவாக்கி, சூடான பாகைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். உங்கள் இரண்டாவது தடவையில் நடந்தது அநேகமாக இதற்கு நேர்மாறு: பால் பாதி வெந்த நிலையில் வெல்லக் கட்டி விழுந்திருக்கும். வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு உண்டு. பழைய வெல்லமாக இருந்தால், கசிந்து பிசுபிசுத்திருந்தால், புளிப்பு இன்னும் கூடுதல். அரிசி கைகொடுக்கும் முன்பே அந்தப் புளிப்பு புரதத்தைத் திரட்டிவிடும். கருப்பட்டியில் இந்தத் தொல்லை குறைவு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அதன் மிச்சம் புளிப்பை அடக்கிவைக்கும். மணத்துக்கும் கருப்பட்டிதான் என் கட்சி. சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி எங்கும் புழங்குகிறது. உடைத்தால் உள்ளே பளபளவென்று சர்க்கரைப் பொறி மின்னினால் சந்தேகப்படுங்கள். பாகு சேர்த்த பின் ஐந்து நிமிடம் போதும். லேசாகத் திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். அடுப்பை அணைத்து, மத்தால் கடைந்து வடிகட்டினால் குடிக்கிற மாதிரி ஆகும். பெரிய திரளாகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

சரக்குகளில் தலை சுக்குதான். சுக்குக்கு வெள்ளை வெளேரென்று நிறம் தரச் சுண்ணாம்பு பூசி விற்பார்கள், அதனால் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, இடித்துச் சலியுங்கள். நார் மேலே நின்றுவிடும். இஞ்சி காயும்போது அதன் காரப்பொருள் இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறுகிறது. பச்சை இஞ்சியைப் போட்டால் அந்தத் தொண்டைச் சூடு வராது, கொதிக்கும் பாலில் இஞ்சி விழுந்தால் திரியும் அபாயமும் உண்டு. சித்தரத்தைக்கு ஒரு கற்பூர வாடை. அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் கஷாயம் ஆகிவிடும். திப்பிலியை வறுத்து இடித்துப் போடலாம், குழந்தைகள் குடிப்பதாக இருந்தால் வேண்டாம். இந்தத் தூள்களை எல்லாம் வெல்லப் பாகு ஊற்றிய பிறகு, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் சேருங்கள். ஏலக்காயை அடுப்பை அணைத்த பிறகு தட்டிப் போடுங்கள். முதலிலேயே போட்டால் இருபது நிமிடக் கொதியில் வாசம் வீட்டில் இருக்கும், பாலில் இருக்காது. ஒரு சிட்டிகை உப்பை மறக்காதீர்கள். கருப்பட்டியின் இனிப்பு அதில்தான் எடுபடும்.

மதுரைத் தள்ளுவண்டிகளில் தம்ளரில் ஊற்றிய பிறகு மேலே தேங்காய்த் துருவலும் ஒரு விரல்நுனி சுக்குத் தூளும் தூவித் தருவார்கள். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். பாத்திரத்திலேயே தேங்காயைக் கொட்டினால் சீக்கிரம் கெடும். சிலர் கடைசியில் ஒரு கப் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். ருசிதான், ஆனால் ஊற்றிய பின் கொதிக்கவிடக் கூடாது. பசும்பால் சேர்ப்பது என்னைக் கேட்டால் தேவையில்லாத வேலை. கட்டாயம் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சி, தம்ளரில் கலந்துகொள்ளுங்கள். சூடாகக் குடிக்கும் பானம் இது. ஜிகர்தண்டா மாதிரி ஐஸ் போட்டால் மாவு நாக்கில் ஒட்டும். பாக்கெட்டில் வரும் பருத்திப்பால் தூள் வாங்குவதானால் பின்பக்கம் பாருங்கள். சர்க்கரையும் மாவும் முதல் இரண்டு இடத்தில் இருந்தால் நீங்கள் வாங்குவது இனிப்புக் கஞ்சி.

இனி நஞ்சு விஷயம். கொட்டையை வெட்டியபோது பார்த்த கரும்புள்ளிகளில் இருப்பது காஸிபோல் என்ற பொருள். பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பருத்திச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. கசப்பில் ஒரு பங்கு அதனுடையது. நன்றாக வேகும்போது இதில் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்துகொள்ளும். பிணைந்தது உடம்பில் அவ்வளவாகச் சேராது. இருபது நிமிடம் வேக வேண்டும் என்று வற்புறுத்துவது ருசிக்காக மட்டுமல்ல. பிணையாமல் மிஞ்சுவதுதான் கவலை. 1970-களில் சீனாவில் காஸிபோலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்தார்கள். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு விந்தணு உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அது தினசரி மருந்தாகக் கொடுத்த கதை, ஒரு தம்ளர் பருத்திப்பாலோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும், உணவாகும் பருத்திக்கொட்டைப் பொருளில் பிணையாத காஸிபோல் பத்து லட்சத்தில் 450 பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதை அளக்க வழியில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழு, கொட்டையில் மட்டும் காஸிபோல் மிகக் குறைந்த பருத்தியை உருவாக்கியது. அதைப் பயிரிட 2018-இலும் உணவாகப் பயன்படுத்த 2019-இலும் அங்கே அனுமதி கிடைத்தது. நம் கடைகளில் வருவது அந்தப் பருத்தி அல்ல.

ஆகவே மாதத்துக்கு ஓரிரு முறை, நன்றாக வேகவைத்துக் குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறோ பொட்டாசியக் குறைவோ உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. பருத்திக்கொட்டைப் புரதம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், முதல் தடவை இரண்டு வாய் குடித்துப் பாருங்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று சொல்வதில் சுக்குக்கும் சூட்டுக்கும்தான் பங்கு அதிகம். அதற்காக மட்டும் என்றால் சுக்குக் காப்பியே போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.

காய்ச்சிய பால் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் தேங்காய் சேராத பாலாகப் பார்த்து ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மறுநாள் களிபோல் இறுகியிருக்கும், கால் பங்கு வெந்நீர் விட்டுக் கடைந்து ஒரு கொதி விடுங்கள். பிழிந்த சக்கையை அக்கம்பக்கத்தில் மாடு இருந்தால் கொடுத்துவிடலாம். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் காஸிபோலை ஓரளவு சமாளித்துவிடும். கோழிக்குப் போடாதீர்கள், முட்டையின் மஞ்சள்கரு பச்சையோடிய பழுப்பாகிவிடும்.